சேலம் சமவெளியில் கரைந்துபோன ஒரு படை

பி.ஏ. வரலாறு படித்த நண்பர்களுக்குச் சிலுவைப் போர் என்றால் இன்றைக்கும் லேசான நடுக்கம் இருக்கும். எந்தப் போப்பாண்டவர், எந்த மன்னர், எந்த ஆண்டு என்று ஒரு நீளமான பட்டியல். அதை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டு வந்த மறுநாளே மறந்துபோவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு நானே கரும்பலகைக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தபோதுதான், அந்தப் பட்டியலுக்குள்ளே ஒரு கதை ஒளிந்திருப்பது கண்ணில் பட்டது. அந்தக் கதை நம்ம ஊரிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் இதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் அந்தப் பழைய பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். 1144-ல் எடெசா நகரம் துருக்கியர் கைக்குப் போனது. அதை மீட்கிறோம் என்று ஜெர்மனியின் மூன்றாம் கான்ராடும் பிரான்சின் ஏழாம் லூயியும் பெரும்படைகளோடு கிளம்பினார்கள். இதுதான் இரண்டாம் சிலுவைப் போர். 1147 அக்டோபரில் கான்ராடின் படை இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் உள்ள வறண்ட மேட்டுநிலத்தில் நுழைந்தது. கையிலிருந்த உணவு தீர்ந்தது, குதிரைக்குத் தண்ணீர் இல்லை. டோரிலேயம் அருகே துருக்கிக் குதிரை வீரர்கள் வந்து அடித்து நொறுக்கினார்கள். லூயி வேறு வழியில் போனார். 1148 ஜனவரியில் காட்மஸ் மலையில் முன்னணிப் படை சொன்ன இடத்தில் நிற்காமல் கணவாயைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் தனியாக மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் மிச்சம் மீதி இருந்தவர்கள் டமாஸ்கஸ் நகரை முற்றுகையிட்டு, நாலே நாளில் கலைந்து திரும்பினார்கள். எடெசா மீளவே இல்லை.

இதில் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். அந்தப் படையின் பெரும்பகுதி போர்க்களத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே கரைந்துவிட்டது. சோறு, தண்ணீர், பொதிமாடு, தெரியாத கணவாய், பின்தங்கிய மூட்டை வண்டி. இவ்வளவுதான் காரணம். வாள் வீச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

இப்போது நம்ம பக்கம் வாங்க. ஆண்டு 1768.

ஹைதர் அலிக்கும் சென்னையிலிருந்த ஆங்கிலக் கம்பெனிக்கும் நடந்த முதல் மைசூர்ப் போர் 1767-ல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித் ஹைதரைத் தோற்கடித்தார். ஹைதரோடு சேர்ந்திருந்த நிஜாம் 1768 பிப்ரவரியில் கம்பெனியோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டு விலகினார். அதே நேரம் பம்பாயிலிருந்து வந்த கம்பெனிப் படை மங்களூரைப் பிடித்தது. ஹைதர் மேற்குக் கரையைக் காப்பாற்ற ஓடினார். பாராமகாலும் சேலமும் கோயம்புத்தூரும் காவல் குறைந்து கிடந்தன. சென்னைக் கவுன்சிலுக்கு ஆசை வந்துவிட்டது. ஸ்மித் வடக்கே மேட்டுநிலத்தைப் பார்த்துக்கொள்வது, கர்னல் வுட் தெற்கே உள்ள கோட்டைகளையெல்லாம் பிடிப்பது என்று திட்டம்.

வுட் பிப்ரவரியில் தென்கரைக்கோட்டையில் ஆரம்பித்தார். தர்மபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு ஈரோடு, சத்தியமங்கலம், கோயம்புத்தூர், பாலக்காடு, கடைசியில் ஆகஸ்ட் வாக்கில் திண்டுக்கல். ஆறே மாதம்! வரைபடத்தை விரித்துப் பார்த்தால் காவிரியின் இரு கரையும் கம்பெனி கையில் வந்துவிட்டது போலத் தெரியும். சென்னையில் எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

இங்கேதான் கதை திரும்புகிறது. பிடித்த கோட்டை ஒவ்வொன்றிலும் ஆள் வைக்க வேண்டுமே? வுட் வைத்துக்கொண்டே போனார். இங்கே ஒரு கம்பெனி சிப்பாய், அங்கே இரண்டு கம்பெனி, ஒரு சார்ஜண்ட், நாலு பழைய பீரங்கி. சேலத்துக்குக் கொஞ்சம், நாமக்கல்லுக்குக் கொஞ்சம், கரூருக்குக் கொஞ்சம். ஒரு மூட்டை நெல்லை ஊரெல்லாம் ஒரு பிடி இறைத்த மாதிரி படை சிதறிவிட்டது. ஒவ்வொரு கோட்டையும் அடுத்த கோட்டைக்கு உதவ முடியாத தூரத்தில் இருந்தது. ஒரு பெரிய படை கணவாய் வழியே இறங்கினால் எதிர்த்து நிற்க வெளியில் படையே இல்லை. மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் ஆங்கில அதிகாரிதான். அவரே இந்த ஏற்பாட்டைக் கண்டிக்கிறார்.

இன்னொன்று. பிடித்த பகுதிகளின் வரி நிர்வாகம் ஆற்காட்டு நவாபு முகமது அலியின் ஆட்களிடம் போனது. கம்பெனிக்குக் கடன் பட்டிருந்தவர் நவாபு. படைக்குத் தானியம் திரட்டித் தருவேன் என்று அவர் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று. ஸ்மித்தின் படை மேட்டுநிலத்தில் ஹோசூர், கோலார் என்று போனபோது நவாபும் கூடவே போனார். சென்னைக் கவுன்சிலின் பிரதிநிதிகள் இருவரும் கூடாரம் போட்டுக்கொண்டு கூடவே இருந்தார்கள். தளபதி எங்கே போக வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு படைக்கு மூன்று தலை இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கான்ராடும் லூயியும்கூட ஒரே சாலையில் ஒன்றாகப் போகவில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் படை என்றால் முக்கால் பங்கு மாடுதான். அரிசி மாட்டின் முதுகில், குண்டு மாட்டின் முதுகில், பீரங்கி மாட்டின் கழுத்தில். கம்பெனி அங்கங்கே கிடைத்த மாட்டைப் பிடித்து ஓட்டியது. உழவு மாட்டைப் பறிகொடுத்த குடியானவன் அந்த வருடம் எதை வைத்து ஏர் பூட்டியிருப்பான்? ஹைதரிடமோ மைசூர் அரசர்கள் காலத்திலிருந்து பேணி வளர்த்த ஹள்ளிகார் இன மாடுகள் இருந்தன. பீரங்கியை இழுத்துக்கொண்டு ஓட்டமாகப் போகக்கூடியவை. திப்பு காலத்தில் அமிர்த மகால் என்று பெயர் பெற்றவை இவைதான். நம்ம காவிரிக்கரை ஆலம்பாடி மாடும் அந்த வகைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தானுங்க. ஹைதரின் படை எப்போதும் ஒரு நாள் முந்தியே வந்து நின்றதற்கு அந்த மாடுகளுக்கும் அவருடைய குதிரைப்படைக்கும் சம பங்கு உண்டு. கம்பெனியிடம் குதிரைப்படை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கூத்தியின் முராரி ராவ் கொண்டுவந்த மராட்டியக் குதிரைகளை நம்பித்தான் இருந்தார்கள்.

மே மாதத்துக்குள் மங்களூரை மீட்டுவிட்டு ஹைதர் திரும்பினார். அக்டோபர் 4-ஆம் தேதி முல்பாகல் பாறைக்கோட்டையை மீட்கப் போன வுட், ஹைதரின் முழுப் படையிடம் வசமாகச் சிக்கிக்கொண்டார். கேப்டன் புரூக் என்பவர் ஒரு பாறைமேல் இரண்டு பீரங்கியை ஏற்றிவைத்துக்கொண்டு, ஸ்மித் வந்துவிட்டார் என்று தன் ஆட்களைக் கூச்சல் போடச் சொன்னார். ஸ்மித் பெயரைக் கேட்டதும் மைசூர்ப் படை தயங்கியது. அந்தத் தயக்கத்தில் வுட் தப்பினார். ஹைதர் விஷயம் தெரிந்து எப்படிப் பல்லைக் கடித்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன்.

நவம்பரில் அந்தத் தந்திரம் மறுபடி பலிக்கவில்லை. ஸ்மித்தைச் சென்னைக்கு அழைத்துவிட்டார்கள். ஹோசூரை ஹைதர் முற்றுகையிட்டிருந்தார். அதைக் காக்க விரைந்த வுட், கனமான பீரங்கிகளையும் மூட்டைகளையும் பாகலூர்ப் பேட்டையில் விட்டுவிட்டுப் போனார். ஹைதர் சுற்றிக்கொண்டு வந்து நேரே பாகலூர் மேல் விழுந்தார். பேட்டையில் இருந்த ஜனம், படையைப் பின்தொடர்ந்து வந்த கூட்டம், பெண்டு பிள்ளைகள் எல்லாம் கோட்டைக் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு திறக்கவில்லை. நெரிசலிலேயே ஏராளமானவர்கள் செத்தார்கள். பீரங்கிகளும் பொதிமாடுகளும் ஹைதர் கைக்குப் போயின. காட்மஸ் மலையில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் போர்வீரன் ஒரு பக்கம், மூட்டையும் ஜனமும் ஒரு பக்கம். திரும்பி வந்த வுட்டையும் ஹைதர் விடாமல் அடித்தார். மேஜர் ஃபிட்ஸ்ஜெரால்டு குறுக்கே வந்து சேர்ந்ததால் படை பிழைத்தது. வுட் பதவி பறிக்கப்பட்டு, காவலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்.

பாகலூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 1965-ல் தர்மபுரி தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் நம்ம சேலம் மாவட்டம்தான் என்பதைப் புதிய மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதற்குள் ஹைதரின் தளபதி ஃபசலுல்லா கான் கசல்ஹட்டி வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கிவிட்டார். அந்தக் கணவாய் அடியில் ஒரு சின்ன மண்கோட்டை. அதில் ஹாஸ்கன் என்ற சார்ஜண்ட் கொஞ்சம் சிப்பாய்களோடு இருந்தார். எதிரி நாளைக்குப் பீரங்கி கொண்டுவருவான், கடவுள் துணையிருந்தால் அதைப் பிடுங்கிக்கொள்வேன் என்ற பொருளில் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். கோட்டை மண்மேடாகி விழும்வரை நின்றார்கள். காவேரிபுரத்தில் கேப்டன் ஃபைசன் என்பவரும் அதே மாதிரி விடாப்பிடியாக நின்றார். கடைசியில் திருச்சிக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்ததை நம்பிச் சரணடைந்தார். அவர்களை அனுப்பியது சீரங்கப்பட்டணம் சிறைக்கு.

டிசம்பரில் ஹைதரே கீழே இறங்கினார். பாராமகாலில் தர்மபுரி போயிற்று. அடுத்து தொப்பூர்க் கணவாய்.

தொப்பூரை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெங்களூர் பஸ்ஸில் போகும்போது டிரைவர் கியர் மாற்றும் சத்தத்திலேயே கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். அந்த இறக்கம் முடிந்தால் சேலம் சமவெளி விரிந்துவிடும். வலப்புறம் ஓமலூர் வயல்கள், எதிரே தூரத்தில் கஞ்சமலை, இடப்புறம் சேர்வராயன் மலை. அதற்கப்புறம் நாமக்கல் வரைக்கும் ஒரு குதிரையைத் தடுக்கும்படியான இடம் சாலையில் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்துக் கோட்டைகளெல்லாம் தனித்தனிப் பாறைமேல் இருப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சமவெளியைக் காக்க முடியாது, பாறையைத்தான் காக்க முடியும். அதற்கும் உள்ளே போதுமான ஆளும் அரிசியும் வேண்டும்.

ஹைதர் வந்த வேகத்தில் சேலம், நாமக்கல், கரூர் என்று வரிசையாக விழுந்தன. பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை பிடித்ததைச் சில வாரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார். துரத்தி வந்த ஃபிட்ஸ்ஜெரால்டால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. நாமக்கல் கோட்டையை நீங்கள் ஏறிப் பார்த்திருப்பீர்கள். ஒரே பாறை, சுமார் 65 மீட்டர் உயரம், ஏறினால் நாலாபுறமும் மைல் கணக்கில் தெரியும். டிசம்பர் மாதத்தில் ஒரு காலையில் அந்தச் சுவர்மேல் நின்ற சிப்பாய் வடக்கே சேலம் சாலையில் எழும்பும் புழுதியைப் பார்த்திருப்பான். உதவி வருமா என்று தெற்கேயும் பார்த்திருப்பான். அங்கே எதுவும் வராது.

கடைசிக் காட்சி கரூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில். கேப்டன் நிக்சன் 50 ஐரோப்பியர், 200 சிப்பாய்களோடு அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஹைதரின் முழுப் படையும் வந்துவிட்டது. நிக்சனின் ஆட்கள் எதிரி மிக அருகே வரும்வரை காத்திருந்து சுட்டார்கள், பிறகு துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார்கள். முன்னால் வந்தவர்கள் சிதறினார்கள். ஆனால் பின்னாலிருந்து குதிரைப்படை புகுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. காயமே இல்லாமல் தப்பிய ஒரே ஐரோப்பிய அதிகாரி லெப்டினன்ட் கோர்ஹாம். அவருக்கு உள்ளூர் மொழி பேசத் தெரியும், அதுதான் அவரைக் காப்பாற்றியது. வாய் இருந்தால் பிழைக்கலாம் என்று நம்ம ஊரில் சொல்வது போர்க்களத்திலும் நடந்திருக்கிறது.

அந்த கோர்ஹாமைக் கொண்டே ஈரோட்டுக் கோட்டைத் தலைவர் கேப்டன் ஆர்ட்டனுக்குச் செய்தி எழுதச் செய்தார் ஹைதர். பேச வாருங்கள், பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன் என்று செய்தி. ஆர்ட்டன் நம்பிக் கூடாரத்துக்கே போனார். அங்கே ஹைதர் ஒரு கேள்வி கேட்டார். ராபின்சன் என்ற கேப்டன் 1767-ல் வாணியம்பாடியில் சரணடைந்தபோது, இந்தப் போரில் மறுபடி ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து விடுதலை பெற்றவர். அதே ராபின்சன் இப்போது ஈரோட்டுக் கோட்டைக்குள் எப்படி வேலை பார்க்கிறார்? நீங்கள் வாக்கைக் காப்பாற்றவில்லை, நான் மட்டும் ஏன் காப்பாற்ற வேண்டும்? ஆர்ட்டனிடம் பதில் இல்லை. அவரைக் கொண்டே கோட்டையை ஒப்படைக்கும் உத்தரவை எழுதி வாங்கினார்கள். சுமார் 200 ஐரோப்பியர், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் ஒரு முற்றுகைகூட நடக்காமல் கைதிகளாகச் சீரங்கப்பட்டணம் போனார்கள்.

ஹைதர் செய்தது சரியா என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கும். எனக்கு ஹைதர் மேல் பெரிய மயக்கம் கிடையாது. வாக்குக் கொடுத்து வரவழைத்தவர் அவர். ஆனால் சத்தியத்தை முதலில் விற்றது சென்னைக் கவுன்சில். ராபின்சனை வேலையில் வைத்தவர்கள் அவர்களே. விலை கொடுத்ததோ ஈரோட்டுச் சிப்பாய்கள்.

அந்தச் சிப்பாய்கள் யார்? இங்கேதான் எனக்கு வருத்தம். லெஃபானு 1883-ல் தொகுத்த சேலம் மாவட்ட மேனுவலிலும் வில்க்ஸின் நூலிலும் கேப்டன்களின் பெயர் வருகிறது, சார்ஜண்ட் ஹாஸ்கனின் பெயர்கூட வருகிறது. நிக்சனோடு விழுந்த 200 சிப்பாய்களில் ஒருவர் பெயரும் இல்லை. சென்னைப் படையின் சிப்பாய் என்றால் தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய நம்ம ஆட்கள்தான். கோர்ஹாமுக்குக் கற்றுக்கொண்ட மொழி உயிர் கொடுத்தது. அதே மொழியைத் தாய்ப்பால் போலப் பெற்றவனுக்கு அது உதவவில்லை.

குடியானவன் கதை இன்னும் மோசம். 1768 தை மாதத்தில் மைசூர்க்காரர் கிஸ்தி கேட்டார்கள். ஆடியில் நவாபு ஆட்கள் கேட்டார்கள். அடுத்த தைக்குள் மறுபடி மைசூர்க்காரர். இடையில் மூன்று படையும் தெருவோடு போயிருக்கின்றன. எந்தப் படையும் வைக்கோலுக்குக் காசு கொடுத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு நடந்ததை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஹைதர் பெரும்படையைத் திருப்பி அனுப்பிவிட்டு 6000 குதிரைகளோடு, மூன்றரை நாளில் 130 மைல் கடந்து 1769 மார்ச் 29-ல் சென்னை வாசலில் போய் நின்றார். ஏப்ரல் முதல் வாரத்தில் சமாதானம். பிடித்ததை ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுப்பது, ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவது என்று ஒப்பந்தம். கரூர் மட்டும் ஹைதரிடமே இருந்தது. உதவும் நிபந்தனையை அடுத்து வந்த மராட்டியப் படையெடுப்பின்போது கம்பெனி மறந்துபோனது. 1780-ல் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்த கதைக்கு விதை அங்கே விழுந்தது. சேலம் பகுதி கம்பெனிக்கு நிரந்தரமாகப் போனது 1792-ல், திப்புவோடு செய்த உடன்படிக்கையின் பிறகு.

பொள்ளிலூரைச் சீரங்கப்பட்டணத்துச் சுவரில் ஓவியமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நிக்சன் படை விழுந்த இடத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஹம்பி, மைசூர் என்று போகிறார்கள், போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பூரில் இறங்கி ஓமலூர், சேலம், நாமக்கல், கரூர் என்று அதே பாதையில் ஒரு வேனில் போய்விட்டு, மாலைக்குள் ஈரோடு வந்துவிடலாம். நாமக்கல் கோட்டைக்கு மட்டும் வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள், பாறை சுட்டுவிடும். மேலே ஏறியதும் வடக்குச் சுவர்ப் பக்கம் நின்று பாருங்கள். சேலம் சாலை அங்கிருந்து நன்றாகத் தெரியும்.